இரவு முழுக்க சார்ட் பார்த்துக் களைத்துப்போன தம்பிக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் ஒரு தம்பி பகலில் கொழும்புப் பங்குச் சந்தை, இரவில் தங்கமும் யூரோவும் என்று இரண்டு வருடமாக ட்ரேட் செய்கிறார். இப்போது சார்ட்டை, அதாவது விலை வரைபடத்தைத் திறக்கவே வெறுப்பாக இருக்கிறதாம், திறக்காமல் இருக்கவும் ஏலாதாம். முன்பு சரியாக வந்த ட்ரேடும் இப்போது சரிவருவதில்லையாம். நித்திரை இல்லை. வீட்டில் யார் கதைத்தாலும் எரிச்சல். போட்ட காசு கனடாவில் இருக்கிற அண்ணா அனுப்பியதும் அக்காவின் சங்கிலியை அடகு வைத்ததும், நட்டத்தை அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. டெலிகிராம் குழுவில் கேட்டால் "உன்னுடைய மைண்ட்செட் சரியில்லை, ஒழுக்கம் போதாது" என்கிறார்கள். உண்மையில் அதுதானா, இல்லை பேர்ன்அவுட் என்கிறார்களே அதுவா, எப்படி வெளியே வருவது, இதைவிட்டு வேலைக்குப் போய்விடவா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இது ஒழுக்கக் குறைவு இல்லை. நீங்கள் எழுதியிருப்பது பேர்ன்அவுட்டுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐசிடி-11 என்ற தன் வகைப்பாட்டில் இதை நோய் என்று போடவில்லை. வேலையின் அழுத்தம் நீண்ட காலம் சரியாகக் கையாளப்படாமல் போனால் வருகிற ஒரு நிலை என்று சொல்லி மூன்று அடையாளம் கொடுத்திருக்கிறது: சத்தெல்லாம் வடிந்துபோன மாதிரிக் களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி அதன் மேல் கசப்பு வருவது, முன்பு நன்றாகச் செய்த வேலையே இப்போது சரிவராமல் போவது. மூன்றும் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. காரணத்தை வேலையில் தேடச் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இங்கே ட்ரேட் செய்கிறவர்களோடு நீண்ட காலம் பழகியதில் எனக்குப் பட்டதும் அதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு ட்ரேடர் களைத்துப்போவதற்கு முதல் காரணம் நேரம், இரண்டாவது காசு யாருடையது என்பது. மனதைப் பற்றிய கதையெல்லாம் அதற்குப் பிறகு.

நேரத்தைப் பாருங்கள். கொழும்புச் சந்தை காலை 9.30க்குத் திறந்து பிற்பகல் 2.30க்கு மூடுகிறது. அதோடு நின்றால் அது ஒரு சாதாரண வேலை நாள்தான். ஆனால் லண்டன் திறப்பது எங்களுக்கு மத்தியானம் 12.30க்கு, அவர்களின் குளிர்காலத்தில் 1.30க்கு. நியூயோர்க் பங்குச் சந்தை திறப்பது இரவு 7 மணிக்கு, நவம்பர் தொடக்கம் மார்ச் வரை 8 மணிக்கு, அது மூடும்போது இங்கே அதிகாலை 1.30 அல்லது 2.30. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை மாலை 6 அல்லது 7 மணிக்கு வருகிறது, அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் வட்டி முடிவு இரவு 11.30 அல்லது 12.30க்கு, அதற்கு அரை மணி கழித்துத் தலைவரின் செய்தியாளர் சந்திப்பு, அதுதான் பெரும்பாலும் விலையை இன்னும் அதிகமாக ஆட்டும். கொழும்பு திறந்ததிலிருந்து நியூயோர்க் மூடும் வரை எண்ணினால் 16 மணி நேரம். பெரிய வங்கிகளில் லண்டன் மேசை, அதாவது அங்கே ட்ரேட் செய்கிற குழு, தன் வேலையை முடித்து நியூயோர்க் மேசையிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகும், அங்கிருந்து ஆசிய மேசைக்குப் போகும். அவ்வளவு பேர் பங்கு போட்டுச் செய்வதை நீங்கள் ஒரு அறைக்குள் தனியாளாகச் செய்கிறீர்கள். கிரிப்டோவும் வைத்திருந்தால் அதற்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவர்களின் கவனமும் வேகமும் சில சோதனைகளில் இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்களுக்குச் சமமாகவோ அதைவிட மோசமாகவோ போய்விடுகிறது என்று காட்டியது. காலை 6 மணிக்கு எழும்பியவருக்கு பெடரல் ரிசர்வ் அறிவிப்பு வருகிற 11.30க்கு பதினேழரை மணி நேரம் ஆகிவிடும். மது குடித்துவிட்டு ட்ரேட் போடு என்றால் போடமாட்டீர்கள்தானே? மாதத்தின் மிகக் கடினமான முடிவுகளை அந்த நிலையில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உடம்புக்குள் நடப்பது இன்னொன்று. 2008இல் லண்டன் ட்ரேடர்களின் எச்சிலை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், சந்தையின் ஏற்ற இறக்கம் கூடும்போது அவர்களின் கோர்ட்டிசோல் அளவும் கூடியது தெரிந்தது. கோர்ட்டிசோல் என்பது அழுத்தத்தின்போது சுரக்கும் ஹோர்மோன். சிறிது நேரம் கூடினால் கேடில்லை, ஆளை உசார்ப்படுத்தும். ஆனால் 2014இல் வந்த தொடர் ஆய்வில் ஆட்களுக்கு எட்டு நாள் தொடர்ந்து கோர்ட்டிசோலைக் கூட்டி வைத்துப் பார்த்தபோது, அவர்கள் ஆபத்தை ஏற்கத் தயங்கத் தொடங்கினார்கள். நல்ல இடம் கண்ணுக்கு முன்னால் வந்தும் பட்டனை அழுத்த விரல் போகவில்லை, பிறகு விலை ஓடியதைப் பார்த்து ஆத்திரத்தில் தவறான இடத்தில் ஏறினேன் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! அதைப் பயம், கோழைத்தனம் என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். நித்திரையில்லாமல் வாரக்கணக்காக அழுத்தத்தில் இருக்கிற உடம்பு அப்படித்தான் நடக்கும், திட்டினால் அழுத்தம் இன்னும் கூடும்.

சரி, எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது? நட்டத்தில் தேடாதீர்கள். லாபம் வருகிற மாதத்திலேயே ஆள் கரைந்துகொண்டிருப்பார். எனக்கு முதலில் காட்டிக்கொடுப்பது ட்ரேட் எழுதி வைக்கிற கொப்பி. ஒரு பெடியன் சிஆர் கொப்பியில் கோடு போட்டு அழகாக எழுதி வந்தார்: திகதி, நேரம், சோடி (எந்த இரண்டு நாணயம்), லொட் (எவ்வளவு பெரிய ட்ரேட்), ஸ்டொப் (நட்டம் எந்த விலைக்கு வந்தால் தானாக வெளியேறுவது), காரணம். முன் பக்கங்களில் காரணம் என்ற இடத்தில் "4 மணி நேரச் சார்ட்டில் ஏற்றம், நேற்றைய தாழ்வைத் தொட்டுத் திரும்பியிருக்கு, லண்டன் திறந்து அரை மணி பார்த்துவிட்டு வாங்கினேன்" என்று இரண்டு வரிக்கு மேல் போகும், எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் வளைந்து இறங்கும். கொப்பியின் நடுவில் அது "சப்போர்ட்டில் வாங்கினேன்" என்று ஆகியிருந்தது. இன்னும் சில பக்கம் தள்ளிப் போனால் "பை" (வாங்கினேன்) என்று மட்டும். ஸ்டொப் கட்டம் சில நாட்களில் வெறுமையாக இருந்தது. நேரக் கட்டத்தில் 8.10, 8.40 என்று இருந்தது 11.50, 12.20, 1.05 என்று நகர்ந்திருந்தது. அந்தக் கடைசிப் பக்கங்களை எழுதிய மாதம் அவருக்கு லாபம்தான். எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடனேயே வயிற்றைக் கலக்கியது. நீங்களும் உங்கள் கொப்பியை எடுத்து முதல் மாதத்தையும் போன மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொப்பி எழுதுவதையே எப்போது நிறுத்தினீர்கள் என்பதும் ஒரு பதில்தான்.

மற்ற அடையாளங்களும் உண்டு. வென்றாலும் சந்தோசம் வராது, "அப்பாடா" என்ற மூச்சு மட்டும் வரும். போன் அடிக்காதபோதும் விலை எச்சரிக்கைச் சத்தம் கேட்ட மாதிரி இருக்கும். சனி ஞாயிறு சந்தை மூடியிருந்தாலும் தலை மூடாது. நெஞ்செரிவு, கழுத்துப் பிடிப்பு, பிளேன்டீயில் தொடங்கியது எனர்ஜி ட்ரிங்க் வரை போவது. ஆனால் என்னிடம் கேட்டால், வீட்டாரிடம் கேட்பதைப்போல ஒரு சோதனை இல்லை. அம்மா முன்பெல்லாம் "சாப்பிட வா" என்று கத்தியவர், இப்போது கோப்பையைக் கொண்டுவந்து லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறார் என்றால், அவருக்கு உங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. கேட்டுப் பாருங்கள், எந்த மாதத்திலிருந்து என்றுகூடச் சொல்வார்.

இனிக் காசு. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகக் கதைப்பதில்லை, எனக்கு மிகவும் கவலையான இடமும் இதுதான். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையின் போக்கில் விட்டுவிட்ட பிறகு 200 அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. சம்பளத்தின் பெறுமதி பாதியாகிப் போன அந்த நேரத்தில் டொலரில் உழைக்க வேண்டும் என்று எங்கள் பெடியள் பலர் இதற்குள் வந்தார்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் முதல் எங்கிருந்து வந்தது? கனடாவில் இருக்கிற அண்ணா அனுப்பியது, சீட்டுக் கழித்த காசு, அக்காவின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தது. மனிதனுக்கு இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள். அது சொந்தக் காசுக்கு. அண்ணா பனிக்குள் இரட்டை வேலை செய்து அனுப்பிய காசு சிவப்பில் நிற்கும்போது வருகிற வலிக்கு எவரும் கணக்குப் போட்டதில்லை. ஸ்டொப் வைக்காமல் விடுவதும், விட்டதைப் பிடிக்க லொட்டைக் கூட்டுவதும் பெரும்பாலும் இந்த வெட்கத்திலிருந்து பிறப்பவை. சூதாட்டக் குணம் என்று ஊர் சொல்லும், நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

எதிர்பார்ப்பின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இரண்டு லட்சம் ரூபாய் வைத்து மாதம் அறுபதாயிரம் எடுத்து வீட்டை நடத்தவேண்டும் என்றால் அது மாதத்துக்கு 30 சதவீதம். உலகத்தில் எந்தப் பெரிய நிதி மேலாளரும் தொடர்ந்து செய்யாத வேலை. அதற்காக 1:500 லெவரேஜ் எடுக்கிறீர்கள், அதாவது ஒரு டொலரை வைத்து 500 டொலருக்கு ட்ரேட் செய்கிறீர்கள். யூரோ-டொலரில் ஒரு முழு லொட்டுக்கு (ஒரு லட்சம் யூரோ) ஒரு பிப் (விலையின் நாலாவது தசமத்தில் ஒன்று) 10 டொலர். ஆயிரம் டொலர்க் கணக்கில் முழு லொட் போட்டால் 100 பிப் எதிராகப் போனால் கணக்கே முடிந்தது, அந்தச் சோடி ஒரே நாளில் அந்தத் தூரத்தை ஓடியிருக்கிறது. அப்படி ஒரு ட்ரேட்டை வைத்துக்கொண்டு யாருக்குத்தான் நித்திரை வரும்? 0.01 லொட்டில் அதே 100 பிப் 10 டொலர். நித்திரை மாத்திரையைவிட இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். கட்டணம் வாங்கிப் பரீட்சை வைத்து, தேறினால் தங்கள் காசில் ட்ரேட் செய்ய விடுகிற நிறுவனங்களின் ப்ரொப் பேர்ம் சலஞ்சுகளும் இதே சிக்கல்தான்: இத்தனை சதவீத இலக்கு, ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் இழக்கக்கூடாது, தோற்றால் திரும்பக் கட்டணம். ஏற்கெனவே களைத்தவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சலஞ்ச் வாங்குவதைக் கண்டால் தயவுசெய்து நிறுத்துங்கள். கிரிப்டோ வாங்க வங்கி அட்டையைப் பயன்படுத்த அனுமதியில்லை என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது, அதனால் முன்பின் தெரியாத ஆட்களோடு காசு மாற்றுகிற பயமும் சிலருக்குச் சேர்ந்துகொள்கிறது.

இப்போது என்ன செய்வது என்று வருவோம். முதலில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், திறந்திருக்கிற எல்லாவற்றையும் மூடிவிட்டு முழுவதுமாக நிறுத்துங்கள். "நிறுத்தினால் வாய்ப்பு போய்விடும்" என்று உங்கள் தலை சொல்லும். பார்பர், ஓடியன் என்ற இரு பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்கைப் பார்த்தார்கள். அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்கு வருடத்துக்கு 11.4 சதவீதம் கிடைத்தது, சந்தை கொடுத்தது 17.9. ஓய்வு எடுப்பதால் நீங்கள் இழப்பது நினைப்பதைவிட மிகக் குறைவு.

அந்த இரண்டு வாரம் இன்னொரு விடயத்தையும் காட்டும். நாலைந்து நாளில் நித்திரை திரும்பி, பசி வந்து, மனம் இளகினால் அது பேர்ன்அவுட். மாறாக, நாள் போகப்போக நிலைகொள்ளாமல், யாருக்கும் தெரியாமல் இன்னொரு அக்கவுண்ட் திறந்து, பொய் சொல்லிக் கடன் வாங்கத் தோன்றினால் அது சூதாட்ட அடிமைத்தனத்தின் பக்கம் போகிறது, அதற்கு வைத்தியம் வேறு. எதிலுமே பிடிப்பில்லாமல், சந்தையோடு சம்பந்தமில்லாத விடயங்களிலும் மனம் இருண்டு கிடந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். இது என் அனுபவத்தில் பிரித்துப் பார்க்கிற முறை, வைத்தியரின் இடத்தை அது பிடிக்காது.

திரும்பி வரும்போது நேரத்தைக் கட்டுங்கள். கொழும்பா, இரவுச் சந்தையா, ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். இரவுதான் என்றால் நாணயச் சந்தையில் லண்டனும் நியூயோர்க்கும் ஒன்றாக இயங்குகிற நேரம் போதும், நியூயோர்க் பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே அது தொடங்கிவிடும். கோடையில் எங்களுக்கு மாலை 5.30 முதல் 9.30 வரை, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி. அதற்குப் பிறகு புதிய ட்ரேட் கிடையாது. திறந்திருப்பதற்கு ஸ்டொப்பும் இலக்கும் முதலே போட்டிருக்கவேண்டும், போடவில்லை என்றால் மூடிவிட்டு எழும்புங்கள். போனில் இருக்கிற ட்ரேடிங் செயலியை அழித்துவிடுங்கள், லப்டொப்பில் மட்டும் இருக்கட்டும். இந்த ஒன்றைச் செய்தவர்கள்தான் என்னிடம் அதிகம் நன்றி சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் படுக்கையில் விலை பார்ப்பது அதோடு நின்றுபோகிறது. எதை எப்போது வாங்கு, விற்று என்று சொல்கிற சிக்னல் குழுக்களிலிருந்தும் வெளியேறுங்கள். மற்றவனின் லாப ஸ்கிரீன்சொட்டை இரவு 12 மணிக்குப் பார்த்து நன்மையடைந்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

பங்குச் சந்தைகளே தங்களுக்கு இப்படி ஒரு நிறுத்தம் வைத்திருக்கின்றன. கொழும்பில் 20 பெரிய கம்பனிகளின் விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி எஸ்எல் 20 சுட்டெண் 5 சதவீதம் விழுந்தால் அரை மணி நேரம் வர்த்தகத்தை நிறுத்துவார்கள். 2020 மார்ச்சில் நியூயோர்க் சந்தை நான்கு நாட்களில் 15 நிமிடம் நின்றது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்த பிறகு கொழும்புச் சந்தையை ஐந்து வேலை நாள் மூடியே வைத்தார்கள். பதற்றத்தில் எடுக்கிற முடிவு கெட்ட முடிவு என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் ஒன்று வேண்டும். தொடர்ந்து இரண்டு ட்ரேட் தோற்றால் அன்றைய நாள் முடிந்தது, அல்லது கணக்கில் 2 சதவீதம் போனால் முடிந்தது. எதைத் தெரிவு செய்தாலும் அமைதியான நேரத்தில் எழுதி, வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். மனைவியோ தம்பியோ "இண்டைக்கு ரெண்டு போச்சுதா?" என்று கேட்டால் மூடிவிட்டு வர இலகுவாக இருக்கும். மறைத்துச் செய்கிற ட்ரேடிங்தான் ஆளை அதிகம் தின்கிறது.

வருடத்தில் ஒரு நீண்ட ஓய்வும் தேவை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் நான் சிபாரிசு செய்வேன். பக்திக்காக மட்டும் இல்லை. அது பெரும்பாலும் ஓகஸ்டைச் சுற்றி வருகிறது, ஐரோப்பாவில் பலர் விடுமுறையில் போய்ச் சந்தை மெலிந்து, காரணமில்லாமல் துள்ளுகிற காலம். மாலைப் பூசைக்குப் போய் மணலில் இருந்து நாலு பேரோடு கதைத்துவிட்டு வந்தால், தனி அறையில் ஒரு வருடமாகச் சேர்ந்த மௌனமும் கொஞ்சம் கலையும். இந்தத் தொழிலில் பக்கத்து மேசை என்று ஒன்று இல்லை. வாரத்தில் இரண்டு பின்னேரமாவது கிரிக்கெட்டோ, கடற்கரையோ, விலையைப் பற்றிக் கதைக்காத நண்பரோ கட்டாயம் வேண்டும்.

வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். பிரேசிலில் டே ட்ரேடிங்கில், அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பதில், 300 நாளுக்கு மேல் விடாமல் நின்றவர்களைப் பார்த்த ஆய்வில் 97 சதவீதத்தினர் காசை இழந்திருந்தார்கள். இந்தியாவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, 2022 முதல் 2024 வரை முடிந்த மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர், ஒப்ஷன் என்ற எதிர்கால விலை ஒப்பந்தங்களில் ட்ரேட் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினருக்கு நட்டம் என்று கணக்குக் காட்டியது. இந்த எண்களைச் சொல்லி உங்களை விரட்டவில்லை. சம்பளம் ஒன்று வந்தால் அந்த அறுபதாயிரத்தைச் சந்தையிடம் கேட்கத் தேவையில்லை, அப்போது மாதத்துக்கு 2 சதவீதம் வந்தாலும் போதும் என்று இருக்கலாம், ட்ரேடும் தானாகவே குறையும். சம்பளத்தோடு சேர்த்து மெதுவாகச் செய்கிறவர்கள்தான் நான் பார்த்தவர்களில் நீண்ட காலம் நின்றிருக்கிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்பதை விடுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். "இப்படி இருப்பதைவிட இல்லாமல் போகலாம்" என்ற மாதிரி எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நேரில் போவதென்றால் யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அரச வைத்தியசாலை, காசு தேவையில்லை. ஆற்றுப்படுத்தலுக்குச் சாந்திகம் என்ற நிலையமும் இருக்கிறது. போரையும் சுனாமியையும் கண்ட இந்த ஊரில் மனதுக்கு வைத்தியம் பார்ப்பது தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சந்தையைப் பற்றி அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, நித்திரையும் கடனும் வெட்கமும் என்று சொன்னால் போதும்.

அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தை மூடியிருக்கும்போது எடுத்துக் கதையுங்கள், எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று உண்மையான தொகையைச் சொல்லுங்கள். மிச்சத்தில் அக்காவின் சங்கிலியை மீட்க முடியுமென்றால் அதை முதலில் செய்யுங்கள். அதற்கு மேல் ஏதாவது இருந்தால், இரண்டு வார ஓய்வு முடிந்த பிறகு 0.01 லொட்டில், புதுக் கொப்பியில், காரணத்தை முழுதாக எழுதி ஒரு மாதம் செய்து பாருங்கள். அந்தக் கொப்பியை எனக்கு அனுப்பினால் கட்டாயம் வாசித்துப் பதில் எழுதுகிறேன்.